பத்தாவது நகர்த்தலில் மேட்: ஓப்பனிங்கை மாற்ற வேண்டுமா?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் ஏழாம் வகுப்பு. நாகர்கோவிலில் நடந்த ஒரு செஸ் போட்டியில் மூன்றாவது சுற்றில் அவளுக்குக் கறுப்புக் காய். பத்தே நகர்த்தலில் மேட், அதாவது ராஜா தப்ப வழியில்லாமல் ஆட்டம் முடிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்த ஆட்டத்தில் பிள்ளை கால்மணி நேரத்தில் வெளியே வந்து நின்றாளாம். திரும்பும்போது பஸ் தக்கலை தாண்டும்வரை வாயே திறக்கவில்லை. கூட வந்திருந்த ஒருவர், "இ4க்கு இ5 ஆடுறதே ஆபத்து, காரோ-கான் பழக்கிக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். காரோ-கான் என்பது இ4க்கு சி6 என்று பதில் சொல்கிற வேறொரு தொடக்கம். ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறையை, மாற்றவா வேண்டாமா என்பது கேள்வி. அவள் நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டைப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார்.

மாற்ற வேண்டாம். ஒரே ஒரு நகர்த்தலை மாற்றினால் போதும். நான் பார்வதிபுரத்தில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பவன். இதே ஆட்டத்தை, இதே ஏழாவது நகர்த்தலோடு, எத்தனையோ பிள்ளைகளின் தாளில் பார்த்திருக்கிறேன். பள்ளி நாளில் மார்த்தாண்டத்தில் நானும் இப்படித்தான் தோற்றேன். அன்று எனக்கு யாரும் விளக்கவில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆட்டம் இது. பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையின் இடது ஓரம் ஏ, வலது ஓரம் ஹெச். வரிசை எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை. காயின் பேர் சொல்லாத இடத்தில் நகர்வது சிப்பாய்.

1. இ4 இ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. மந்திரி சி4, குதிரை எஃப்6 4. குதிரை ஜி5, சிப்பாய் டி5 5. இ சிப்பாய் டி5ஐ வெட்டு, குதிரை டி5ஐ வெட்டு 6. குதிரை எஃப்7ஐ வெட்டு, ராஜா எஃப்7ஐ வெட்டு 7. ராணி எஃப்3 செக், ராஜா ஜி8 8. மந்திரி டி5ஐ வெட்டு செக், ராணி டி5ஐ வெட்டு 9. ராணி டி5ஐ வெட்டு செக், மந்திரி இ6 10. ராணி இ6ஐ வெட்டு, மேட்.

முதல் மூன்று நகர்த்தல்களில் வருவதற்கு இரட்டைக் குதிரைத் தற்காப்பு என்று பேர். கறுப்பு இரண்டு குதிரைகளையும் இறக்கிவிட்டது. இதில் ஒரு பிசகும் இல்லை. உலகத் தரத்தில் இன்றும் ஆடுகிற தொடக்கம்தான். நாலாவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஜி5க்குத் தாவியதும்தான் ஆட்டம் சூடாகிறது. எஃப்7 கட்டத்தைக் காப்பது கறுப்பு ராஜா ஒருவர் மட்டும். அதன்மேல் இப்போது மந்திரியும் குதிரையும் சேர்ந்து கண் வைத்திருக்கின்றன.

இங்கே பிள்ளைகள் கவனிக்காத ஒன்று உண்டு. ஜி5ல் நிற்கும் அந்தக் குதிரைக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து காவலே இல்லை. டி8ல் இருக்கிற கறுப்பு ராணி சாய்வாகப் பார்த்தால் இ7, எஃப்6, ஜி5 என்று நேரே அங்கேதான் வந்து விழும். ஆனால் எஃப்6ல் நம்முடைய குதிரையே வழியில் நிற்கிறது. மூன்றாவது நகர்த்தலில் அந்தக் குதிரையை இறக்காமல் மந்திரியைச் சி5க்கு வைத்திருந்தால், வெள்ளை ஜி5க்கு வந்த மறுநிமிஷம் ராணி அதை எடுத்துவிடும். அதாவது இந்தத் தாக்குதலே பிடிக்கவில்லை என்றால், ஓப்பனிங்கை முழுதாக விட வேண்டியதில்லை. மூன்றாவது நகர்த்தலில் மந்திரி சி5 என்று ஆடினால் போதும். அது அமைதியான ஆட்டம். ஆனாலும் உங்கள் மகளுக்கு நான் குதிரையைத்தான் சொல்வேன். காரணம் அவளுடைய ஸ்கோர் ஷீட்டில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் ஐந்தாவது நகர்த்தல். வெள்ளை டி5ல் சிப்பாயை வெட்டியதும் அவள் குதிரையால் திரும்ப வெட்டினாள். நம்முடையதை எடுத்தால் நாமும் திரும்ப எடுப்போம், அதுதானே இயல்பு. இந்த இடத்தில் அந்த இயல்பே கண்ணியாகிவிடுகிறது. 6. குதிரை எஃப்7 என்று வெள்ளை தன் குதிரையைக் காவு கொடுக்கிறது. அந்தக் குதிரை ராணி, யானை இரண்டையும் ஒருசேர மிரட்டுவதால் ராஜா வெட்டியே ஆக வேண்டும். உடனே ராணி எஃப்3க்கு வந்து ராஜாவுக்குச் செக் சொல்கிறது. அதே வேகத்தில் டி5 குதிரையையும் குறிவைக்கிறது. இத்தாலிக்காரர்கள் இதற்கு ஈரல் துண்டு என்று பொருள்படும்படி ஃபெகாடெல்லோ என்று பேர் வைத்தார்கள். ஆங்கிலத்திலோ ஈரல் வறுவல் என்றே சொல்கிறார்கள்.

இது புதுச் சரக்கு இல்லை. சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பே ஜூலியோ சேசரே போலேரியோ என்ற இத்தாலிய ஆட்டக்காரர் இதை ஆடியிருக்கிறார். ரோமில் டொமெனிகோ என்பவருக்கு எதிராக அவர் ஆடியதாகக் கிடைத்திருக்கும் ஆட்டம் 21 நகர்த்தலில் முடிகிறது. அந்த டொமெனிகோவும் உங்கள் மகளைப் போலவே குதிரையால் டி5ஐ வெட்டியவர்தான். இதைப் பிள்ளையிடம் கட்டாயம் சொல்லுங்கள். நானூறு வருஷமாக எல்லாரும் விழுகிற பள்ளத்தில்தான் அவளும் விழுந்திருக்கிறாள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், சாரமில்லை மக்களே, பரவாயில்லை.

இப்போது ஏழாவது நகர்த்தல். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பின் ஏழாவது கட்டத்தில் முதலில் "ராஜா இ6" என்று எழுதி, அதன்மேல் இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் நெருக்கி "ராஜா ஜி8" என்று எழுதியிருக்கிறாள். பேனாவை அழுத்தி அடித்ததில் தாள் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. அந்த இடத்தில் நெடுநேரம் கண் வைத்திருந்தேன். ஏனென்றால் அவள் அடித்துப் போட்டதுதான் சரியான நகர்த்தல்.

டி5 குதிரையைக் கைவிடாமல் செக்கிலிருந்து வெளியே வர இ6 ஒன்றுதான் வழி. ராஜாவையே பலகையின் நடுவுக்கு இறக்கி, தன் குதிரைக்குத் தானே காவலாக நிற்கச் செய்வது. பார்க்கவே பயமாக இருக்கும். அதை ஏழாம் வகுப்புப் பிள்ளை யாரும் சொல்லித்தராமல் பலகையில் கண்டுபிடித்திருக்கிறாள். அப்புறம் பயந்து, பாட்டாவிடம் படித்த பாடத்துக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கு முதலில் ஆட்டம் சொல்லித்தந்தது உங்கள் அப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். ராஜாவை மூலையில் ஒதுக்கி வை என்று அவர் சொன்னது நல்ல பாடம்தான். பத்தில் ஒன்பது ஆட்டத்தில் அதுவே சரி. இந்த ஆட்டம் அந்தப் பத்தாவது. ஜி8ல் ராஜாவுக்குத் தப்பிக்க ஒரு கட்டம்கூட இல்லை. ஹெச்8ல் சொந்த யானை, எஃப்8ல் சொந்த மந்திரி, முன்னால் ஜி7லும் ஹெச்7லும் சொந்தச் சிப்பாய். எஃப்7 மட்டும்தான் காலி, அதையும் வெள்ளை ராணி பார்த்துக்கொண்டிருக்கிறது. மந்திரி டி5ல் வெட்டிச் செக் சொன்ன பிறகு ராணியால் அதை வெட்டினாலும் மந்திரியைக் குறுக்கே போட்டாலும் மேட்டைத் தடுக்க முடியாது.

பாட்டா எந்த முறையில் ஆடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் தொடக்கத்தில் சிப்பாய்க்கு இரண்டு கட்டம் தாவும் உரிமை கிடையாது, ஒரு கட்டம்தான். ராஜாவுக்கோ, செக் வாங்காத வரையில், ஒரேயொரு முறை குதிரை போலத் தாவிப் பதுங்கும் சலுகை உண்டு. அந்த ஆட்டம் மெதுவாகத்தான் சூடு பிடிக்கும். நாலாவது நகர்த்தலிலேயே எஃப்7க்கு ஆபத்து வருகிற வேகம் அதில் இல்லை. மீர் சுல்தான் கான் அந்த முறையில் வளர்ந்து, பிறகு இங்கிலாந்து போய், 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். ஆகையால் பாட்டாவின் பாடம் வீண் போகாது. அதோடு இந்த வேகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இ6க்கே போயிருந்தால் பிழைத்திருப்பாளா? உறுதியாகச் சொல்ல முடியாது. 8. குதிரை சி3 என்று வெள்ளை டி5 மேல் இன்னொரு பாரத்தை ஏற்றும். கறுப்பு சி6 குதிரையை பி4க்கு அனுப்பி டி5ஐத் தாங்கலாம்; அங்கிருந்து சி2ல் இறங்கி ராஜாவுக்குச் செக்கோடு யானையையும் பிடிக்கிற மிரட்டலும் இருக்கிறது. ஒரு குதிரை அதிகம் கையில் இருக்கும், ராஜா நடுத்தெருவில் நிற்பார். மொத்தத்தில் வெள்ளைக்குத்தான் சாதகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க மேதை பால் மோர்ஃபி நியூ ஆர்லியன்ஸில் ஒருவருக்கு ராணிப் பக்கத்து யானையை முன்கூட்டியே விட்டுக்கொடுத்து இதே ஆட்டம் ஆடினார். எதிராளி எட்டாவது நகர்த்தலில் குதிரையை டி4க்குத் தாவவிட்டார். அந்தக் கறுப்பு ராஜா இ6லிருந்து துரத்தப்பட்டுத் துரத்தப்பட்டு, கடைசியில் வெள்ளையின் முதல் வரிசையில் சி1 வரைக்கும் வந்துவிட்டார். 18வது நகர்த்தலில் மோர்ஃபி ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் சேர்த்து நகர்த்திக் கோட்டை கட்டினார். அந்தக் காஸ்லிங்கே மேட். உங்கள் மகளுக்கு இதைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். செஸ்ஸில் இதைவிடச் சந்தோஷமான ஒரு மேட்டை நான் பார்த்ததில்லை.

ஆக, ஐந்தாவது நகர்த்தலில் டி5ஐ வெட்டாமலிருப்பதுதான் வழி. அங்கே ஆட வேண்டியது குதிரை ஏ5. சி6ல் இருக்கிற குதிரை ஓரத்துக்குப் போய் சி4 மந்திரியை மிரட்டும். குதிரையை ஓரத்தில் வைக்காதே என்று எல்லாப் பிள்ளைக்கும் சொல்லித்தருகிறோம், அதனால் இது அவர்கள் கண்ணில் படுவதேயில்லை. இங்கே ஓரம்தான் சரி, ஏனென்றால் வெள்ளையின் தாக்குதல் முழுவதும் அந்த மந்திரியின் முதுகில்தான் நிற்கிறது.

இந்த வயதில் எதிரே உட்காருகிற பிள்ளை, ஏ5ஐக் கண்டும் காணாமல் எஃப்7ல் குதிரையைப் போட்டு வெட்டும். நம் மாவட்டத்தில் பத்துப் பிள்ளையில் நாலு பேராவது அப்படித்தான் ஆடுவார்கள் என்பது என் அனுபவம். பயப்படாமல் ராஜாவால் வெட்டலாம். வெள்ளை டி6 என்று சிப்பாயைத் தள்ளி, பின்னாலிருக்கும் மந்திரியால் செக் சொல்லும். ஏ5 குதிரை அந்த மந்திரியையே வெட்டிவிடும். இரண்டு காய் லாபம், தாக்குதலும் முடிந்தது.

விவரம் தெரிந்த பிள்ளை 6. மந்திரி பி5 செக் என்று ஆடும். அப்போது சிப்பாய் சி6, 7. டி சிப்பாய் சி6ஐ வெட்டு, பி சிப்பாய் சி6ஐ வெட்டு, 8. மந்திரி இ2, சிப்பாய் ஹெச்6, 9. குதிரை எஃப்3, சிப்பாய் இ4, 10. குதிரை இ5, மந்திரி டி6. இங்கே நிறுத்திப் பலகையைப் பாருங்கள். கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. பதிலுக்குக் கிடைத்தது என்ன? வெள்ளை மந்திரி மூன்று தடவை அலைந்து ராஜாவின் காலடியில் வந்து நிற்கிறது. வெள்ளைக் குதிரை எஃப்3, ஜி5, எஃப்3, இ5 என்று ஓடி ஓடி மூச்சு வாங்கி, அங்கேயும் மந்திரியின் மிரட்டலில் நிற்கிறது. வெள்ளையின் ராணிப் பக்கம் முழுக்கத் தூக்கத்தில் இருக்கிறது. கறுப்பில் இரண்டு குதிரையும் ஒரு மந்திரியும் வெளியே வந்துவிட்டன, இ4 சிப்பாய் எதிராளியின் நடுவில் முளையடித்ததுபோல நிற்கிறது, அடுத்த நகர்த்தலில் கோட்டை கட்டிவிடலாம். ஒரு சிப்பாயைக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறோம். குறையும் ஒன்று உண்டு: ஏ5 குதிரை ஓரத்திலேயே கிடக்கும், அதை நேரம் பார்த்து மீட்டுக்கொண்டு வர வேண்டும்.

ஒன்பதாவது நகர்த்தலில் வெள்ளை குதிரையை எஃப்3க்குப் பதிலாக ஹெச்3க்கு எடுப்பதும் உண்டு. அது ஸ்டைனிட்ஸின் வழி. 1890-91ல் நியூயார்க்கிலிருந்து ஸ்டைனிட்ஸும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து சிகோரினும் தந்தியிலேயே இரண்டு ஆட்டம் ஆடினார்கள். அதில் ஒன்று இதே இரட்டைக் குதிரை, குதிரை ஹெச்3. அப்போது ஸ்டைனிட்ஸ்தான் உலக சாம்பியன். சிகோரின் கறுப்பில் ஜெயித்தார். பிறகு 1963ல் பாபி ஃபிஷர் அதே ஹெச்3ஐத் தூசி தட்டி எடுத்து, பிஸ்கயர் என்ற அமெரிக்க கிராண்ட்மாஸ்டரைத் தோற்கடித்தார். அதே நகர்த்தலை ஆடி ஒருவர் தோற்றார், இன்னொருவர் ஜெயித்தார். பிள்ளைக்கு இந்த இரண்டு ஆட்டமும் தெரிந்தால், ஓப்பனிங்கைப் பற்றிய பயத்தில் பாதி போய்விடும்.

இன்னும் மூன்று கிளை வரலாம். 6. சிப்பாய் டி3 என்று வெள்ளை அமைதியாக ஆடினால் ஹெச்6, 7. குதிரை எஃப்3, சிப்பாய் இ4 என்று தள்ளிவிட்டு, 8. ராணி இ2 வந்ததும் ஏ5 குதிரையால் சி4 மந்திரியை வெட்டிவிடலாம். முன்னே சொன்ன மந்திரி பி5 செக் வழியில், எட்டாவது நகர்த்தலில் மந்திரி பின்வாங்காமல் ராணி எஃப்3 வந்தால் யானையை பி8ல் வையுங்கள். நாலாவது நகர்த்தலிலேயே குதிரை தாவாமல் டி3 ஆடினால் மந்திரி சி5, அப்புறம் கோட்டை. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

நாலாவது நகர்த்தலில் எஃப்7ஐக் காப்பாற்றாமல் மந்திரியைச் சி5க்கு ஆடி எதிர்த் தாக்குதல் செய்கிற ஒரு வழியை வீடியோக்களில் நிறையக் காட்டுகிறார்கள். டிராக்ஸ்லர் என்ற செக் நாட்டுப் பாதிரியாரின் பேரில் வழங்குவது, அழகானது. இப்போது வேண்டாம். எதிராளி குதிரைக்குப் பதிலாக மந்திரியால் எஃப்7ஐ வெட்டினால் கையில் ஒரு சிப்பாய் குறையும், ராஜா இ7ல் நிற்பார், தாக்க ஒன்றும் மிஞ்சாது.

காரோ-கானுக்கு வருகிறேன். அது நல்ல ஓப்பனிங். உலக சாம்பியன்களான போட்வினிக்கும் கார்போவும் நம்பி ஆடியது. ஆனால் கண்ணி இல்லாத இடம் என்று நினைத்து அங்கே போனால் ஏமாற்றம்தான். 1. இ4 சி6 2. டி4 டி5 3. குதிரை சி3, டி சிப்பாய் இ4ஐ வெட்டு 4. குதிரை இ4ஐ வெட்டு, குதிரை டி7 5. ராணி இ2. இப்போது கறுப்பு ஜி8 குதிரையை இயல்பாக எஃப்6க்கு எடுத்தால் 6. குதிரை டி6, மேட். இ7 சிப்பாயால் அந்தக் குதிரையை வெட்ட முடியாது. வெட்டினால் இ2 ராணியின் பார்வை நேரே ராஜாமேல் விழும். 1950ல் போலந்தில் பால் கெரெஸ் இப்படி ஆறே நகர்த்தலில் ஒரு ஆட்டத்தை முடித்தார். இங்கே பத்தில் வந்தது அங்கே ஆறில் வரும். நீங்கள் ரப்பர் பால்வெட்டுகிறவர். கத்தி பட்டையைத் தாண்டிக் கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். அதற்காக மரத்தை மாற்றுவீர்களா, கையைத்தானே திருத்துவீர்கள்.

பழக்குவதற்கு வருகிறேன். மழை பெய்து வெட்டு இல்லாத நாள் ஒன்றைப் பாருங்கள். முதல் நாள் பிள்ளைக்கு வெள்ளையைக் கொடுத்து, ஈரல் வறுவலை அவளே உங்கள்மேல் ஆடட்டும். நீங்கள் கறுப்பில் ராஜாவை ஜி8க்குக் கொண்டு போங்கள், அவள் மேட் வைக்கட்டும். அடுத்த தடவை இ6க்கு வாருங்கள், அவள் திணறட்டும். தன்னை அடித்த கத்தியைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பயம் போகும். வெள்ளைக் காயில் இனி இதை அவள் போட்டியிலும் ஆடலாம், நல்ல ஆயுதம். டாராஷ் என்ற பெரிய ஜெர்மன் ஆட்டக்காரர் குதிரை ஜி5ஐக் கற்றுக்குட்டி நகர்த்தல் என்று திட்டியிருக்கிறார். நான் அதை ஏற்கவில்லை. ஃபிஷர் ஆடியதைக் கற்றுக்குட்டித்தனம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாம் நாள் கறுப்பில் குதிரை ஏ5. பத்து நகர்த்தல்வரை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் "இது எதை மிரட்டுது?" என்று மட்டும் கேளுங்கள், அவள் வாயால் சொல்லட்டும். போனில் பார்க்க வேண்டுமென்றால் லிச்செஸ் என்ற செஸ் ஆப் இலவசம், விளம்பரமும் கிடையாது. ஆனால் யார் முன்னால் என்று கம்ப்யூட்டர் காட்டுகிற எண்ணை முதலில் மறைத்து வையுங்கள். பலகையில் அவள் கண் என்ன சொல்கிறது என்பதே முதலில் வேண்டும்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மணி நேர ஆட்டத்தில் கால்மணியில் வெளியே வந்தாள் என்றால், குதிரை ஜி5க்கு வந்தபோதும், ராணி எஃப்3ல் செக் சொன்னபோதும் அவசரப்பட்டிருக்கிறாள். அந்த இரண்டு இடத்திலும் கையைத் தொடையின்கீழ் வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்காரலாம். காயைத் தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும் என்பது விதி, அவளுக்குத் தெரிந்திருக்கும். இன்னொரு விதியையும் சொல்லிக்கொடுங்கள்: நகர்த்தலை முன்கூட்டியே தாளில் எழுதக்கூடாது, ஆடிய பிறகுதான் எழுத வேண்டும். இந்தத் தடவை அவள் எழுதிவிட்டு ஆடியிருக்கிறாள். நடுவரான ஆர்பிட்டர் கவனித்திருந்தால் கண்டித்திருப்பார்.

அவள் அந்த விதியை மீறியதால்தான் அடித்துப் போட்ட "ராஜா இ6" நம் கண்ணில் பட்டது. அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த இரண்டு கோட்டையும் காட்டி, "இதை எப்படி மக்களே கண்டுபிடிச்சே?" என்று கேளுங்கள்.